நோவைச் சொல்லாத கார்

ஒண்டுமில்லையோ? நாலாவது நாளும் ஒண்டுமில்லையோ? தம்பி கனகலிங்கம், கோண்டாவிலிலை இருந்து இந்த வெய்யிலுக்கை சைக்கிள் உழக்கி வாறீர், பொனற்றைத் திறக்கிறீர், ரெண்டு ஓட்டையிலை துண்டு வயரைச் செருகிறீர், பிறகு உள்ளை குந்தியிருந்து அந்த மஞ்சள் லைற்றைப் பாக்கிறீர். அது மின்னுது... மின்னுது... ஒரே சீராய் மின்னினால் வருத்தமில்லை எண்டு உம்மடை குறிப்புக் கொப்பி சொல்லுது. அப்ப ஏன் தம்பி, பின்னேரம் எங்கடை இவர் எடுத்தால் மட்டும் உந்தக் கோதாரிக் கார் ஒழுங்கை திரும்புற முடக்கிலை போய் நிக்குது?

சீச்சீ, உம்மைக் குறை சொல்லேல்லை. தேத்தண்ணியைக் குடியும். சீனி இல்லை, பனங்கட்டியைக் கடியும்.

முன்வீட்டு மார்க்கண்டண்ணையின்ரை ஐம்பத்தாறாம் ஆண்டுக் காரைப் பாரும். நாலு சொட்டுப் பெற்றோல் தெளிச்சு உசுப்பிவிட்டால், பிறகு மண்ணெண்ணெயிலை இருமி இருமி எண்டாலும் சுன்னாகம் போய் வருது. எங்கடை மகாராசாவுக்குப் பெற்றோல்தான் வேணும். கொம்பியூற்றர் இருக்காம்! என்ரை தம்பி கனடாவுக்குப் போகேக்கை, "அக்கா, உது தன்ரை வருத்தத்தைத் தானே சொல்லும்" எண்டு புழுகித்தான் இந்தக் காரை விட்டிட்டுப் போனவன். எங்கடை இவரும் உப்பிடித்தான். காய்ச்சலெண்டாலும் நான்தான் தொட்டுப் பாக்கோணும். நல்ல சோடி!

சிரிக்காதையும். உள்ளை மகள் நிறைமாதம், தலைப்பிள்ளை. மருத்துவிச்சி நேற்றுப் பாத்திட்டு, பிள்ளை குறுக்கை கிடக்கு, நோக் கண்டவுடனை பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கோ எண்டு சொல்லிப்போட்டா. மார்க்கண்டண்ணையின்ரை கார் இருமுற இருமலுக்குப் பிள்ளை பாதி வழியிலை பிறந்திடும். சைக்கிள் பாரிலையே இருத்திக்கொண்டு போறது? சொல்லும்!

என்ன? பிழையை அந்தக் கொம்பியூற்றர் பெட்டி நினைவு வைச்சிருக்குமாம்... பற்றரியைக் கழட்டினால் மறந்துபோமாம்... முழுக்கவோ? ஆரும் கழட்டுறவையோ எண்டோ கேக்கிறீர்?

ஆர் கழட்டப்போயினம்!

ம்... கரண்ட் இல்லாமல் மூண்டு வருசம். றேடியோவுக்குப் போட ஒரு டோர்ச் பற்றரி உள்ளை வர ஆமிக்காரங்கள் விடுறாங்களே? ஊரெல்லாம் சைக்கிளைக் கவிட்டு டைனமோவிலை பாட்டுக் கேக்குது. நான் இந்த வயசிலை பெடல் சுத்துறதோ? அதாலை... இவர் காரைக் கொண்டுவந்து விட்டாப்பிறகு, பின்னேர நாடகத்துக்கு... அரை மணித்தியாலம்தான் தம்பி! கார் பற்றரியைக் கழட்டிக் குசினிக்குக் கொண்டுபோய், முடிஞ்ச கையோடை திரும்பப் பூட்டிப்போடுவன். ஒவ்வொரு நாளுமோ? நாடகம் ஒவ்வொரு நாளும்தானே! மகளும் கேக்கிறவள். படுத்தபடி வேறை என்ன செய்வாள், பாவம்.

உப்பிடிப் பாக்காதையும். ஓம், ஓட்டாமல் லைற்றை மட்டும் பாரும், பெற்றோல் வீணாப்போம் எண்டதும் நான்தான். சரி, இப்ப ஓட்டும். முடக்குவரைக்கும் போம்... போம்... நிண்டிட்டுதோ? நல்லதாப் போச்சு! வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்து வயரைச் செருகும். நான் எண்ணுறன். ஒண்டு, ரெண்டு, மூண்டு... பொறுத்து... ஒண்டு, ரெண்டு. முப்பத்திரெண்டு! கொப்பியைப் புரட்டும்.

காத்துப் போற குழாயின்ரை வயரோ? எங்கை? பற்றரிக்குப் பக்கத்திலையோ? அரைவாசி கழண்டு கிடக்கோ! ஐயோ முருகா... தூக்கி எடுக்கேக்கை என்ரை முழங்கைதான் இடிச்சிருக்கும்.

அந்தா, படலைச் சத்தம். இவர்தான். விடியவே சாவகச்சேரிக்கு உழக்கினவர், நல்ல பெற்றோல் தேடி. "தண்ணி கலந்ததை வாங்கிவந்து என்ரை பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியள்" எண்டு நாலு நாளாய் நான் வைஞ்ச வசவு... மனுசன் ஒரு சொல் திருப்பிச் சொல்லேல்லை. தம்பி, நீர் வாய் திறவாதையும்... இல்லை, வேண்டாம். நானே சொல்லுறன்.

இஞ்சாருங்கோ, முதல் இதிலை இருங்கோ. சேட்டெல்லாம் தெப்பமாய் நனைஞ்சுபோச்சு. இந்தப் பெற்றோலும் நல்லது, முந்தி வாங்கினதும் நல்லதுதான். பிழை எங்கையெண்டால்...

ஆர், மகளே? என்னடி பிள்ளை? நோகுதோ? இப்பவோ?

தம்பி, வயரை இறுக்கி அமத்தும்! இஞ்சாருங்கோ, ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறியள், பெற்றோலை ஊத்துங்கோ! பிள்ளையைப் பிடியுங்கோ, மெல்ல, மெல்ல... ஓடுது... முடக்குத் தாண்டிட்டுது! அப்பனே நல்லூரானே!

அழாதை குஞ்சு, அம்மா பக்கத்திலைதான் இருக்கிறன். என்னப்பா? பிழை எங்கையெண்டோ கேக்கிறியள்? என்னிலைதான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமட்டும் ஏசிக்கொண்டு வாங்கோ, நான் வாய் திறவேன்.