பகலில் ஓடும் மின்விசிறி

"அவ தூங்கறதுக்கு நாங்க எதுக்குக்கா கரண்டு பில்லு கட்டணும்?"

ஓசூரில் கம்பெனி பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த பெண் பக்கத்திலிருந்தவளிடம் கேட்டாள். நான் ஹெட்ஃபோனில் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எங்க வாடகை வீட்ல ராத்திரி ஒரே ஃபேனுக்குக் கீழ மூணு பேரு படுக்கறோம். கூட இருக்கற அவ நைட் ஷிப்டு முடிச்சு வந்தா பகல் பூரா அவ ஒருத்திக்கே ஓடுது. பில்லு மட்டும் நாலு பேருக்கும் சமமாம்."

"ஏன்டி, ஷிப்டு வாராவாரம் மாறுமில்ல?"

"மாறும்."

"அடுத்த வாரம் உங்க வீட்ல நைட்டு யாரு?"

பஸ் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் திரும்பியது.

"நான்தான்க்கா. சரி, ஃபேன விடு. தெனம் துப்பட்டாவுக்குக்கூட இஸ்திரி போடறாளே, அதுக்கு என்ன சொல்றே?"