புதினா வாசம் வரும் மாத்திரை

நாற்காலி சௌகரியமாக இருக்கிறது, சார். காவல் நிலையத்து நாற்காலி என்றால் ஒரு காலாவது ஆடும் என்று நினைத்திருந்தேன். எனக்கு டீ வேண்டாம். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடப் போகிறது.

அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்டீர்கள். நான்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நிறுத்தினால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்தக் காரை நீங்கள் பார்த்திருப்பீர்கள், மூக்கு நசுங்கி உங்கள் பின்கட்டில்தான் நிற்கிறது. கற்றுக்கொள்பவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் அப்பாவின் காலடியில் இன்னொரு பிரேக். இத்தனை வருடமாக யார் மேலும் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றியது அந்த இரண்டாவது பிரேக்தான். பழக்கம் முற்றிப்போய், வீட்டு சோபாவில் இருக்கும்போதுகூட யாராவது பேச ஆரம்பித்தால் அப்பாவின் வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். நான் பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிடுவேன்.

கெட்ட மனிதர் இல்லை. பகலெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கத்துகிறவருக்கு வீட்டுக்கு வந்ததும் குரலைத் தணிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். என்னைத் தடிமாடு என்று கூப்பிடுவார். கோபத்தில் இல்லை, பெயருக்குப் பதிலாக. பையன் கல்லூரியில் என்ன படிக்கிறான் என்று யாராவது விசாரித்தால், "ஏதோ படிக்கிறான், நீங்களே கேட்டுக்குங்க" என்பார்.

ஒரு நாள் காலையில் அவருடைய வலது கால் பெருவிரல் தக்காளி மாதிரி சிவந்து வீங்கியிருந்தது. போர்வை பட்டால் அலறினார். காற்று படுகிறது, மின்விசிறியை நிறுத்து என்றார். டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, யூரிக் அமிலம் கூடிப்போய் மூட்டுக்குள் துகள் துகளாகப் படிந்திருக்கிறது, இதற்கு கவுட் என்று பெயர் என்றார்.

அந்த வாரம் அப்பா வேறு ஆளாகிவிட்டார், சார். முதல் நாள் என்னை "டேய்" என்றார். மறுநாள் "தம்பி". வலி உச்சிக்குப் போன அன்று, ஐஸ் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்த என் கையைப் பிடித்து, "கண்ணு, நீ இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்" என்றார். யூரிக் அமிலம் ஏற ஏற வீட்டில் என் மரியாதையும் ஏறியது. நாங்கள் சதுரங்கம் ஆடினோம். கல்லூரி விழாவுக்கு நான் எழுதிய நையாண்டி நாடகத்தைப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தால் விரல் குலுங்கி வலித்தது. "ஐயோ போதும்டா கண்ணு, கொல்லாத. சரி, அடுத்த பக்கம் படி" என்றார். அந்த வாரம் முழுக்க அவர் கால் ஒரு முறைகூடத் தரையை அழுத்தவில்லை. அழுத்த முடியாது, பாருங்கள்.

டாக்டர் நல்லவர். பொறுமையாக விளக்கினார். "ரெண்டு மாத்திரை இருக்கு. ஒண்ணு தீப்பிடிச்சா அணைக்கறதுக்கு. வலி வந்தா மட்டும், நான் சொன்ன அளவுதான், மேல ஒண்ணுகூடப் போகக்கூடாது. இன்னொண்ணு தீயே பிடிக்காம பார்த்துக்கறதுக்கு. அது தினமும். சின்ன அளவுல ஆரம்பிச்சு, ரத்தம் பார்த்துப் பார்த்து நான் ஏத்துவேன். நடுவுல வலி எட்டிப் பார்க்கும், அதுக்காக நிறுத்திடாதீங்க. உடம்புல தடிப்பு கிடிப்பு வந்தா மட்டும் நிறுத்திட்டு உடனே ஓடி வாங்க. தண்ணி நிறைய குடிங்க."

"வலியே இல்லாதப்ப எதுக்கு டாக்டர் மாத்திரை?" என்றார் அப்பா.

"ஓட்டறவங்க கிட்டயே ஒரு பிரேக் இருக்கே, உங்க கால்ல எதுக்கு இன்னொண்ணு?"

அதற்குப் பிறகு அப்பா ஒரு நாள்கூட மாத்திரையை மறந்ததில்லை. கிழமைக்கு ஒரு குழி வைத்த பிளாஸ்டிக் டப்பாவில் அம்மா அடுக்கி வைப்பார், அப்பா விழுங்குவார். சில மாதங்களில் ரத்தம் சுத்தமாக வந்தது. மருந்து வேலை செய்துவிட்டது. அப்பா பழையபடி எழுந்து நடந்தார், சோபாவில் பிரேக் போட்டார். நானும் பழையபடி மாட்டினத்தில் சேர்ந்தேன்.

பிறகு அக்காவின் பிரசவத்துக்காக அம்மா வெளியூர் போனார். கிளம்பும்போது அந்த டப்பாவை என் கையில் வைத்து, "அப்பாவ நீதான்டா பார்த்துக்கணும்" என்றார்.

பார்த்துக்கொண்டேன்.

கடைகளில் ஒரு புதினா மிட்டாய் கிடைக்கிறது. வெள்ளையாக, வட்டமாக, ஏறக்குறைய அதே அளவு. முதல் நாள் அப்பா நாக்கைச் சுழற்றிப் பார்த்தார்.

"என்னடா, இனிக்குது?"

"கம்பெனி மாத்திட்டாங்கப்பா."

"பரவாயில்லையே. மாத்திரைன்னா இப்படி இருக்கணும். வாய் மணக்குது."

இதில் பெரிய கொடுமை ஒன்றும் இல்லை, சார். எத்தனையோ வீடுகளில் வலி நின்றதும் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். விவரம் தெரியாமல் செய்கிறார்கள். நான் டாக்டர் சொன்னதைக் கவனமாகக் கேட்டவன் என்பதால் விவரம் தெரிந்து செய்தேன்.

கொஞ்ச நாளில் விரல் மறுபடி சிவந்தது. "தம்பி" வந்தார். பின்னாலேயே "கண்ணு" வந்தார். சதுரங்கப் பலகையை எடுத்துத் தூசி தட்டினேன். டாக்டர் ரத்த முடிவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "தினமும் சாப்பிட்டுமா ஏறுது?" என்றார். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, "என் பையன் கையால எடுத்துக் குடுக்கறான் டாக்டர், ஒரு நாள் தப்பினதில்ல" என்றார். என்னைப் பற்றி அவர் வெளியாளிடம் பெருமையாகப் பேசி அன்றுதான் கேட்டேன். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். நானும் கூட்டினேன், ஒன்றுக்கு இரண்டு மிட்டாய்.

வலி மாத்திரையில் மட்டும் நான் விளையாடியதே இல்லை. அது நிஜ மாத்திரை. சொன்ன அளவு, சொன்ன இடைவெளி. அப்பா கெஞ்சினால்கூட மேலே ஒன்று கொடுக்க மாட்டேன். அதிகமானால் ஆபத்து. எனக்கும் பொறுப்பு இருக்கிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. வலிக்குக் கல்லூரியின் கால அட்டவணை தெரியாது. விடுமுறையில் வந்தால் சந்தோஷம். நாடகம் அரங்கேறும் அன்றைக்கே பார்த்து வந்தது.

காலையில் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே முகம் சுளித்தார். "என்னமோ சுருக்குன்னு குத்துதுடா தம்பி. இன்னிக்கு அந்த பேங்க் அம்மாவ முதல் தடவையா பெரிய ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும். போகட்டுமா, வேணாமா?"

அவர் வீட்டில் தங்கினால் யாராவது கூட இருக்க வேண்டும். எனக்கோ கடைசி ஒத்திகை. அதனால், "தினமும் மாத்திரை சாப்பிடறீங்களேப்பா, என்ன ஆகிடப் போகுது" என்றேன்.

"அதானே" என்று கிளம்பிவிட்டார். என் பேச்சை அவர் முழுதாகக் கேட்டு ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

மற்றது உங்களுக்கே தெரியும். திருப்பத்தில் அந்த அம்மா பதறிப்போய் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்தார். புதிதாக ஓட்டுபவர்கள் எல்லோரும் செய்வதுதான், அதற்காகத்தான் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்பாவும் மிதித்தார். பாதி மிதிக்கும்போது விரலில் இடி விழுந்த மாதிரி இருந்ததாம், கால் தானாகவே பின்னால் வந்துவிட்டதாம். கார் நடைபாதையில் ஏறிவிட்டது. அங்கே மிஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்த தையல்காரருக்குக் கணுக்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மிஷினை மிதிக்கிற கால். வருத்தமாகத்தான் இருந்தது. என் சட்டை ஒன்றும் அவரிடம் இருந்தது.

பிரேக்கில் பழுதில்லை என்று உங்கள் ஆட்கள் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மாவையும் நோக வேண்டாம். "அந்த ஆளுக்குக் கால் போச்சுய்யா, நான் பிரேக்க விட்டுட்டேன்" என்று அப்பா இந்த நாற்காலியில்தானே உட்கார்ந்து அழுதார்? அதுவும் சரியில்லை. அப்பாவின் கால் என் பொறுப்பில் இருந்தது. நான்தான் விட்டேன்.

உங்களுக்கு எப்படிச் சந்தேகம் வந்தது என்பதும் தெரியும். மாத்திரை சாப்பிடுவதில் தான் எவ்வளவு ஒழுங்கு என்று சொல்லும்போது, "நல்ல மாத்திரைங்க, வாய் மணக்கும்" என்று உங்களிடமும் சொல்லியிருப்பார். பெருமையை அடக்கிக்கொள்ள அவருக்குத் தெரியாது.

அவருடைய உரிமம் ரத்தாகும் என்கிறீர்கள். ஆகட்டும். எத்தனை நாள்தான் வெயிலில் உட்கார்ந்து கத்துவார். இனிமேல் வீட்டோடு இருப்பார், நானும் பக்கத்தில் இருப்பேன். அம்மா வருவதற்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும். உங்களைக் கேட்பது ஒன்றே ஒன்றுதான், மிட்டாய் விஷயம் அவர் காதுக்குப் போக வேண்டாம். உடம்பு முடியாதவர், தாங்க மாட்டார்.

அதற்கப்புறமாவது நிறுத்தினாயா என்கிறீர்களா? நியாயமான கேள்வி. இன்று காலை நான் இங்கே கிளம்பும்போது அப்பா வாசல்வரை வரவில்லை. சோபாவில் காலைத் தூக்கி வைத்தபடியே, "பார்த்துப் போயிட்டு சீக்கிரம் வந்துடு, கண்ணு" என்றார்.