கடையும் நாளில் கேட்ட கங்கு

அன்புள்ள யூஜின்,

வெண்ணெய் திரளாத நாள் எல்லா வீட்டிலும் வரும். உங்கள் அம்மா எப்படிப் போனார், அவர் பெயர் எப்படிக் கெட்டது என்று பாஸ்டனிலிருந்து கேட்டிருந்தீர்கள். நீங்கள் கப்பலேறிய பிறகு பக்கத்து வீட்டு ஃபெஸ்டஸுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மே முதல் நாள் காலை, அடுத்த வீட்டு வெண்ணெயை மந்திரத்தால் கவர்வார்கள் என்று ஊர் பயப்படுகிற நாள். என் மாமியார் ஹனோரா அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், காது மந்தம். ஃபெஸ்டஸ் சன்னலடியில் பெஞ்சில் சேணவார் தைத்துக்கொண்டிருந்தார். நான் நடுவில், தாழியருகே நின்றிருந்தேன். சீக்கிரம் திரளட்டுமே என்று பாலேட்டில் வெந்நீரைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன்; சூடு மிஞ்சினால் திரளாது. அதற்கு முன்பே இரண்டு தடவை கெட்டிருந்தது. "உன் கை பட்டா பாலுக்கே சளி புடிக்கும். இன்னொரு தடவ கெட்டா உங்கப்பன் வீட்டுக்கு நடையக் கட்டு" என்று மாமியார் சொல்லியிருந்தார்.

உங்கள் அம்மா டீலியா எங்கள் கன்று எப்படி இருக்கிறது என்று கேட்க வந்தார். "கடையிற வீட்டுல சும்மா வந்து போனா வெண்ணெயும் பின்னாலயே போயிடும் தாயி" என்று சிரித்து, மத்தை வாங்கி இருபது இழுப்பு இழுத்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெண்ணெய் வரவில்லை. யார் வந்தது என்று மாமியார் கேட்டார். டீலியா வந்தார், மத்தைத் தொடாமல் போனார் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ஃபெஸ்டஸ் ஊசியை நிறுத்தி என்னைப் பார்த்தார், பிறகு தைத்தார். நல்ல மனிதர்.

வெண்ணெய்த் திருடி என்று சொன்னது ஊர், நானல்ல. அதன் பிறகு அவருக்குப் பாலோ நெருப்போ யாரும் தரவில்லை.

ஜனவரி உறைபனியில், நான் கடைந்துகொண்டிருந்தபோது, எங்கள் அரைக்கதவுக்கு வெளியே வந்து நின்றார். அடுப்பு அணைந்துவிட்டதாம்.

"ஒரே ஒரு கங்கு குடு தாயி. அன்னைக்கு நான் மத்துல கை போட்டது உனக்குத் தெரியும். ஊருக்குச் சொல்ல வேணாம், கங்கு மட்டும் குடு."

கடையும்போது நெருப்பை வெளியே கொடுக்கக்கூடாது. இது உங்களுக்கும் தெரியும். திரளட்டும், தருகிறேன் என்றேன். ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் தம் வீட்டில் ஆறிய சாம்பலருகே இறந்து கிடந்தார்.

அவர் வருவதற்கு முன்பே வெண்ணெய் திரண்டிருந்தது. நான் மத்தை நிறுத்தவில்லை. கங்கு கொடுத்திருந்தால் அவர் திருடி இல்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும், மே மாதம் நான் சொன்னது பொய்யாகியிருக்கும்.

இன்றும் கடைகிற நாள். தொடங்கிவிட்டால் வீட்டிலிருந்து எதுவும் வெளியே போகக்கூடாது என்பதால் இப்போதே உறையை ஒட்டி, தபால்காரர் வாசலுக்கு வெளியே வைத்திருக்கும் பையில் போட்டுவிடுகிறேன். அவரை உள்ளே வந்து ஒரு கை கடைந்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை.

இப்படிக்கு,
சபினா