ரேடியோவில் வந்த என் பேர்

ஒரு சின்னக் கதை சொல்றேன்... கேட்டுட்டுத் திட்டுறதுன்னா என்னைத் திட்டிக்குங்க. ஏன்னா, அதுல வர்ற பொறாமைக்காரன் வேற யாரும் இல்ல... நான்தான்!

நாப்பது வருசம் முந்தி. பரமத்தியில எனக்குச் சைக்கிள் கடை. அப்ப ஒரு வெளிநாட்டு அரசாங்கம் தமிழ்லயே ரேடியோ நடத்துச்சு. சாயங்காலமானா நேயர் கடிதம் வாசிப்பாங்க. எதிர்க்கடை டெய்லர் ராசப்பன் பேரு வாரம் தவறாம வரும். பளபளன்னு காலண்டர் வேற அனுப்புவாங்க. அதைக் கடை வாசல்லயே மாட்டுவான்... நான் பார்க்கணும்னே! எனக்கு வயிறு எரியுமா, எரியாதா? நீங்களே சொல்லுங்க!

நானும் எழுதினேன். 'நிகழ்ச்சி நன்று.' வாசிக்கல. 'மிக மிக நன்று.' ம்ஹூம்! அப்புறந்தான் புரிஞ்சுது, அவங்களுக்கு என்ன வேணும்னு. எழுதினேன்... 'உங்கள் நாட்டில் தொழிலாளிக்கு ஒரு குறையும் இல்லை என்று எங்கள் ஊரே பேசுகிறது.' ஊர்ல ஒருத்தன்கூடப் பேசலீங்க!

அடுத்த வாரமே வாசிச்சாங்க, என் பேரைச் சொல்லி! ராசப்பன் மூஞ்சியைப் பார்க்கணுமே! டீக்கடையில கேட்டவங்க, 'ஓ... ஊரே பேசுதா?'ன்னாங்க. மறுநாள்ல இருந்து நெசமாவே பேச ஆரம்பிச்சிட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு பக்கத்துத் தெரு பாவாயி வந்துச்சு. அது புருசன் அந்த நாட்டுச் சுரங்கத்துல வேலைக்குப் போயிருந்தான். கையில அவன் லெட்டர்.

'ஏனுங்கண்ணா... அடிக்கிறாங்களாம். சோறு சரியாப் போடறதில்லையாம். கூட்டிக்கிட்டு வர வழி பாருன்னு எழுதியிருக்காரு. கலெக்டருக்கு மனுக் குடுக்கக் கையெழுத்துக் கேட்டா, ஊர்ல ஒருத்தரும் போட மாட்டேங்கிறாங்க. சோம்பேறி, பொய் சொல்றான்கிறாங்க. நீங்க சொல்லுங்கண்ணா... ரேடியோல வந்தது நெசந்தானா?'

'அது நான் கட்டிவிட்டதும்மா'ன்னு ஒரு வார்த்தை... ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். எதிர்ல ராசப்பன் ஊசியில நூல் கோத்துக்கிட்டே எங்களைப் பார்த்துக்கிட்டிருந்தான். அவன் சிரிச்சிருவானே!

'ரேடியோல பொய் சொல்வாங்களாம்மா?'ன்னேன்.

அது லெட்டரை மடிச்சுக்கிட்டுப் போயிருச்சு. அது புருசன் திரும்பி வரவே இல்லீங்க.

இப்ப எதுக்கு இதைச் சொல்றேன்? அந்த நாட்டுக்காரன் தானாச் சொல்லியிருந்தா நம்ம ஊரு நம்பியிருக்காது. என் வாயால சொன்னான்... நம்புச்சு. அதுக்கு என் வயித்தெரிச்சல் ஒண்ணே அவனுக்குப் போதுமா இருந்துச்சு. இன்னைக்கு உங்க போன்ல 'ஊரே சொல்லுது, உலகமே சொல்லுது'ன்னு வருதுல்ல? யாருய்யா அந்த ஊருன்னு கேளுங்க!

அன்னைக்கு அந்த ஊரு... நான் ஒருத்தன்தாங்க.