நகர்ந்த கறை

ராத்திரி ஒன்றரை மணி. குடோன்களுக்குப் பின்னால் போகிற ரோடு. ஒரு நாய்கூட இல்லை... ஒரே ஒரு பைக். ஓட்டிப்போனவன் என் கூட்டாளியின் சித்தப்பா மகன். படம் காட்டுகிற மின்திரைகளை ஒட்டி மாட்டுகிற வேலை. விரலெல்லாம் கோந்து காய்ந்து தோல் தோலாக உரிந்துகொண்டிருக்கும், அதனால் எல்லாருக்கும் அவன் ‘பசை’. கிட்ட வந்து உட்காருங்க. இது கத்திச் சொல்ற கதை இல்லை.

அன்றைக்குச் சாயந்தரம்தான் அவன் அக்கா செத்துப்போயிருந்தாள். அவனைத் தூக்கி வளர்த்தவள். நோய் அவளை மாசக்கணக்கில் தின்று, கடைசியில் முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை... எலும்புமேல் தோல். காலையில் வருகிற சனம் பெட்டிக்குள் கிடக்கிற அதைப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. நல்லா இருந்தப்போ சிரித்துக்கொண்டு எடுத்த படம் ஒன்று உண்டு, அதைத்தான் மனசில் வைத்துக்கொண்டு போகணும். பசைக்கு வேறு ஒன்றும் வேண்டாம். அது மட்டும்தான்.

அக்காவைக் கொண்டுவந்து வைத்த அஞ்சலிக் கூடத்தில் அதற்கென்றே ஒரு திரை, பசையே ஒட்டிக்கொடுத்தது. பாய் மாதிரி சுருட்டுகிற ரகம். பெட்டியின் தலைமாட்டில் மேலிருந்து இறங்கும், செத்தவர் படம் அதில் வரும். சட்டம் போட்ட காகிதப் படம் போதாதா? போதாதாம். செத்தாலும் மினுக்கணும் நம்ம ஆட்களுக்கு.

அங்கேயிருந்து காவல்காரர் போன் பண்ணினார்: “தம்பி, உங்கக்கா படத்தைப் போட்டேன்... கூட இன்னொரு ஆளும் தெரியுது. நீயே வந்து பாரு. நான் அந்த ரூமுக்குள்ள இனிமே போகமாட்டேன்.”

பசை கதவைத் திறந்தான். மருந்து நெடி... அதுக்கு மேலே பூ வாசனை ஸ்பிரே. இரண்டும் சேர்ந்து தொண்டையில் ஏறி உட்கார்ந்தது. பெட்டி மூடியிருந்தது. மோட்டார் ‘உர்ர்ர்’ என்றது. திரையில் அக்கா சிரித்தாள். அவள் தாடைக்குக் கீழே, கழுத்தில்... பழுப்பாக இன்னொரு வாய். திறந்த வாய். ரெண்டு பக்கமும் ஒட்டிப்போன கன்னம்.

“யாருண்ணே இது?”

“யாரோ ஒரு பெரியவர்.” காவல்காரர் வாசல் தாண்டவில்லை. “நீ எடு, நான் எடுன்னு சொந்தக்காரங்க அடிச்சுக்கிட்டு மூணு வாரம் இங்கயே போட்டுட்டாங்க. படம் ஒருத்தன்கிட்டயும் இல்ல. பகல் டூட்டிக்காரன் போன்லயே பிடிச்சுப் போட்டுட்டான்.”

“பொணத்தையா?”

“வாயில ஈ உட்கார்ந்ததுகூட விழுந்திருக்கு. ராத்திரியும் அணைக்கல. மரியாதையாம்.”

பசை காறித் துப்பினான். விஷயம் இதுதான். ஒரே படத்தை ஓயாமல் முழு வெளிச்சத்தில் காட்டினால் அந்த இடத்துப் புள்ளிகள் தேய்ந்துபோகும். தேய்ந்த தடம் கறையாக நிற்கும், அப்புறம் எந்தப் படம் போட்டாலும் பின்னால் எட்டிப் பார்க்கும். அதனால்தான் வெளிச்சத்தைக் குறைத்துவைக்கச் சொல்வது, நடுவில் அணைக்கச் சொல்வது. இது எதையும் செய்யாத சோம்பேறிகளுக்காக இன்னொன்றும் உண்டு. படத்தை அப்பப்போ ஒரு மயிரிழை திரையே தானாக நகர்த்திக்கொள்ளும்.

“அதை ஏன்ணே நிறுத்தி வெச்சீங்க?”

“செத்தவர் அசையுறார்னு ஒரு அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டாங்கப்பா.”

“அசையணும்னுதான்யா அதை வெச்சதே!”

படத்தை எடுத்துவிட்டு, வெறும் வெள்ளையை அரை மணி நேரம் ஓடவிட்டான். அப்படிச் செய்தால் மற்ற புள்ளிகளும் தேய்ந்து கறை கொஞ்சம் அடங்கும். அடங்கின மாதிரிதான் இருந்தது. நகர்த்துகிறதையும் போட்டுவிட்டு அக்கா படத்தைத் திரும்ப வைத்தான். இனி அக்கா மெல்ல நகர்வாள், கறை இருந்த இடத்திலேயே கிடக்கும். கறைக்கு ஏது கால்?

பார்த்துக்கொண்டே நின்றான்.

அக்கா ஆணி அடித்த மாதிரி நின்றாள். கறை நகர்ந்தது.

கழுத்திலிருந்து தாடைக்கு... நின்றது. தாடையிலிருந்து இன்னும் கொஞ்சம் மேலே... நின்றது. ஒவ்வொரு தடவையும் ஒரு சத்தம். காய்ந்த உதட்டைப் பிரித்தால் வருமே... ‘ப்ச்’. பசை ஓடிப்போய் உள்ளங்கையால் அக்கா வாயை மறைத்தான். திரை கொப்புளம் மாதிரி உப்பிக் கைக்குள் வந்தது. வெதுவெதுப்பு. ஈரம். ஓரத்திலிருந்து கோந்து கசிந்தது. மஞ்சளாக, சீழ் கணக்காக, மணிக்கட்டில் இறங்கியது. அவன் போட்ட கோந்துக்கு வாசனையே கிடையாது. இது நாறியது... மூடின டப்பாவில் மறந்துபோன கறி மாதிரி.

கையை எடுத்தான். அந்த வாய் அக்கா வாயில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. அக்கா சிரிப்புக்குள் கறுப்பு.

ஒயரைப் பிடுங்கினான். அக்கா அணைந்தாள்.

வாய் அணையவில்லை.

கத்தியால் மேல்பக்கம் அறுத்துத் திரையைக் கீழே இழுத்துச் சுருட்டினான். சுருட்டச் சுருட்ட உள்ளேயிருந்து ஏதோ வழவழவென்று விரலைத் தேடித் தேடி நக்கியது. பின்பக்கக் குப்பைத்தொட்டியில் வீசினான். சோப்புக் கட்டி கரையும்வரை கை கழுவினான். நாற்றம் போகவில்லை.

விடிவதற்குள் வீட்டுக்குப் போய் அதே படம் காகிதத்தில் இருந்ததைச் சட்டத்தோடு கொண்டுவந்து மாட்டினான். சனம் வந்தது. “என்ன களையான முகம்!” என்று படத்தைப் பார்த்து அழுதது. மூடின பெட்டியைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பசைக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கடைசியில் வீட்டு ஆட்களுக்காக மூடியைத் திறந்தார்கள். அக்கா புருசன் குனிந்து ரெண்டு கையாலும் அவள் கன்னத்தைப் பிடித்தார். பிடித்தவர் சட்டென்று விட்டார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பசையின் காதில் சொன்னார்:

“மாப்ளே... நேத்து நான்தான்டா துணி நனைச்சுத் துடைச்சுவிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. இப்போ உங்கக்கா முகம் கையைக் குத்துதுடா.”

பசை தொட்டுப் பார்த்தான்.

சவரம் பண்ணி ரெண்டு நாள் ஆன ஆம்பளைக் கன்னம்.