சூப்பரிண்டெண்டும் சுறாமீனும்

கதவ எதுக்கு மாமா தாழ் போடுறீங்க? அது சிக்கும். நான் எங்க ஓடப் போறேன், உக்காருங்க. அப்பா போன் பண்ணி வரச் சொன்னாரா? ஆமா, எங்கிட்டயும் சொன்னாரு. மாமா வருவாரு, அவர விட்டுட்டுப் போன அக்கா எந்த ஊர்ல இருக்கான்னு நெட்டுல தேடிக் குடுடான்னு. அவரும் அம்மாவும் வேலைக்குப் போயிட்டாங்க. நாம தேடுவோம்.

இந்தச் சத்தமா? மோடம் மாமா. போன் லைன்ல புகுந்து ஆள் கூப்பிடுது, தொண்டையில முள்ளு சிக்குன மாதிரி. ஆங், மாட்டிக்கிச்சு.

முதல்ல டைரக்டரி. நெட்டுல இருக்கிற பக்கங்கள மனுஷங்க உக்காந்து படிச்சு, தலைப்பு தலைப்பா பிரிச்சு வச்சது. நான் இதுக்கு வச்ச பேரு சூப்பரிண்டெண்ட். கண்ணாடிக்கு மேல பாத்துக்கிட்டு மூக்காலயே பேசும். என்னப்பா வேணும், உடல்நலமா? அந்தப் பக்கம் போ. ஆஸ்பத்திரியா? அதுக்கும் உள்ள போ. அரசா தனியாரா? அதத் தெரிஞ்சுக்காம ஏம்ப்பா வந்த?

சரி சரி, சிரிக்க வேணாம்.

இல்ல மாமா, இதுல ஆஸ்பத்திரி பேருதான் வரும், அக்கா பேரு வராது. ஒருத்தர் பாத்து சரின்னு சொன்னாத்தான் உள்ளயே சேப்பாங்க. சுத்தமா இருக்கும், ஆனா கொஞ்சூண்டுதான் இருக்கும்.

அதுக்குத்தான் அடுத்தது, சர்ச் இன்ஜின். இது மெஷின். எடுபிடிப் பையன் மாதிரி வீடு வீடாப் பூந்து கண்ணுல பட்ட வார்த்தையெல்லாம் பொறுக்கிட்டு வந்துரும், அர்த்தம்தான் தெரியாது. இப்ப நர்ஸ்னு போடுறேன்... அய்யய்யோ, சுறாமீன்! நர்ஸ்னு ஒரு சுறா இருக்காம் மாமா. அண்ணே அண்ணே, ஓடியாந்தேண்ணே, நர்ஸ் கேட்டீங்கல்ல, இந்தாங்கண்ணே, பல்லெல்லாம் சரியா இருக்கா பாத்துக்குங்க!

தோள விடுங்க மாமா. வலிக்குது. கைய முறுக்கினா எப்படி டைப் பண்றது?

எனக்கு ஒண்ணுதான் புரியல. அவளோட நர்சிங் சர்டிபிகேட் பூரா உங்க பீரோல பூட்டி வச்சிருக்கீங்க. அது இல்லாம எந்த ஆஸ்பத்திரியில சேத்துக்குவாங்க? எங்க போனாலும் அவ எங்கிட்டதான் திரும்பி வரணும்னு நீங்களே சொன்னீங்க. அப்புறம் ஏன் இந்தப் பதட்டம்? சும்மா கேட்டேன்.

எந்திரிக்காதீங்க! இன்னொண்ணு இருக்கு. இது தானாத் தேடாது, மத்த சர்ச் இன்ஜின் எல்லார்கிட்டயும் விசாரிச்சிட்டு வந்து சொல்லும். வீட்டுத் தரகர் மாதிரி. ம்க்கும், சார், ஏழெட்டு இடம் கையில இருக்கு, எல்லாம் நம்ம ஆளுங்கதான், அவசரப்படாதீங்க சார். அக்கா பேரப் போட்டுட்டேன். ஏதோ ஒரு போட்டோ வருது. கோடு கோடாத்தான் எறங்கும். கூரை... சுவரு... ஒரு நெத்தி. பொம்பளை நெத்திதான். கிட்ட வாங்க, கண்ணாடி போட்டுக்குங்க. புருவம் வந்துருச்சு. இப்ப கண்ணு...

போச்சு. லைன் அறுந்துருச்சு.

மேசையக் குத்தாதீங்க, ரிப்பேர் எல்லாம் இல்ல. நெட்டுல இருக்கும்போது வெளியேருந்து போன் வந்தா எங்க லைன் இப்படித்தான் அறுந்துரும். எத்தனை தடவை அப்பாகிட்ட திட்டு வாங்கியிருக்கேன்!

போன் யாரு பண்ணாங்களா? அக்காதான். உங்க வீட்டுச் சாவி இன்னும் அவகிட்ட ஒண்ணு இருக்குல்ல. பீரோ சாவிய நீங்க எங்க ஒளிச்சு வைப்பீங்கன்னு அவளுக்குத் தெரியாதா? சர்டிபிகேட்ட எடுத்தாச்சுன்னா தெருமுனை பூத்துலேருந்து ஒரு போன் அடிடின்னு சொல்லியிருந்தேன். போட்டோவுல வந்தது யாரோ, பாவம்.

அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாது மாமா, அவர விட்டுருங்க. காலையில உங்களுக்குப் போன் பண்ணினது அவரு இல்ல. ம்க்கும்... மாப்ள, கொஞ்சம் வீடு வரைக்கும் வந்துட்டுப் போங்களேன். எப்படி? அப்பா குரல் நல்லாத்தான வருது?

அய்யோ, தாழ அப்படி இழுத்தா வராது மாமா. சிக்கும்னு அப்பவே சொன்னேனே.