தணிகாசலம் ஆறு தடவை இழுக்கச் சொன்ன கம்பி

பிரியாணி அண்டா இப்பதான் அடுப்புலேருந்து இறங்குதாம். அதுவரைக்கும் உங்க வாயும் சும்மா இருக்காது, என் வாயும் சும்மா இருக்காது... அதனால குட்டியா ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

நம்ம பெயிண்டர் தணிகாசலம் தெரியும்ல? அதோ, மூணாவது வரிசையில தலையைக் குனிஞ்சுக்கிட்டான் பாருங்க... அவன்தான். ஏழாவது மாடி வெளிச்சுவர்ல, சாரத்து மேல, ஒத்தைப் பலகையில நின்னு பீடி பத்த வைப்பான். இடுப்புல சேஃப்டி பெல்ட் இருக்கும். பெல்ட்டோட கொக்கி? அது வாலு மாதிரி தொங்கும். மாட்டுடான்னா, எனக்குப் பழக்கம் மேஸ்திரிம்பான்.

போன பொங்கல் லீவுல நம்ம செட்டு ஆளுங்க குடும்பத்தோட தீம் பார்க் போனோம். ரோலர் கோஸ்டர்ல முன்சீட்டுல தணிகாசலமும் அவன் சம்சாரம் பூங்காவனமும். பின்னாடி நான். மடி மேல கம்பி இறங்குச்சு... டக்குனு பூட்டிக்கிச்சு. அங்க வேலை செய்யற பொண்ணு ஒவ்வொரு கம்பியா இழுத்துப் பாத்துட்டுப் போச்சு. நம்மாளு கூப்பிட்டான். இன்னொரு தடவை பாரும்மான்னான். பாத்துச்சு. திரும்பக் கூப்பிட்டான். எத்தனை தடவை? ஆறு தடவை! ஆறாவது தடவை அந்தப் பொண்ணு, அண்ணே, இறங்கிக்கறீங்களான்னே கேட்டுடுச்சு.

வண்டி கிளம்பிடுச்சு. கடகட கடகடன்னு ஏறுது... ஏறுது... கீழ ஆளுங்க எறும்பு மாதிரி. உச்சிக்கு வந்து ஒரு நொடி நிக்கும் பாருங்க... அப்ப பூங்காவனம் மெதுவா கேட்டுச்சு:

"ஏன்யா, வேலையில உனக்கு யாரு இழுத்துப் பாக்கறாங்க?"

அவன் வாயைத் தொறக்கறதுக்குள்ள... சர்ர்ருன்னு கவுந்துச்சு வண்டி. அவன் இருக்கற சாமியையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடறான். அந்தம்மா வாய்விட்டுச் சிரிக்குது.

இறங்கினதும் சிரிப்பு நின்னுபோச்சு. பூங்காவனம் நேரா என்கிட்ட வந்துச்சு.

"மேஸ்திரி, தினமும் கொக்கி மாட்டறேன்னு என் தலை மேல சத்தியம் பண்றாரு. நீ சொல்லு. மாட்டறாரா?"

நான் என்ன சொன்னேன்? என் செருப்பைப் பாத்தேன். அவன் அவனோட செருப்பைப் பாத்தான்... பூங்காவனத்துக்கு அது போதும்.

திங்கக்கிழமை காலையில சாரத்து மேலேருந்து தணிகாசலம் குரல் குடுத்தான். "மேஸ்திரி, மாட்டிட்டேன். வந்து இழுத்துப் பாரு." இந்தத் தொப்பையைத் தூக்கிக்கிட்டு ஏழு மாடி ஏறினேன். சிரிக்காதீங்கய்யா... ஏறினேன், இழுத்தேன்.

யோசிச்சுப் பாருங்க. அங்க ரெண்டு நிமிஷ சவாரி. அதுக்கு ஆறு தடவை இழுத்துப் பாக்கறோம். இங்க எட்டு மணி நேரம் அந்தரத்துல நிக்கறோம்... இங்க மட்டும் பழக்கமாம். நம்ம பழக்கம் கீழ இருக்கற சிமெண்ட் தரைக்குத் தெரியுமா?

நாளைக்குச் சாரத்துல ஏறினதும் பக்கத்துல நிக்கறவன் கொக்கியை இழு. திட்டுவான். இழு. அப்புறம் உன்னோடதை அவனை இழுக்கச் சொல்லு. இல்லேன்னா ஒண்ணு சொல்லிடறேன்... உங்க வீட்டம்மாங்க போன் நம்பரெல்லாம் இப்ப என்கிட்ட இருக்கு. இனிமே யார் கேட்டாலும், நான் என் செருப்பைப் பாக்கறதா இல்லை.